அம்மாயியிடம் அகராதி கேட்காதீர்கள்: வட்டாரச் சொற்களைச் சேகரிக்கும் முறை

காங்கேயத்துக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊரில், திண்ணையில் அமர்ந்து அவரை உரித்துக்கொண்டிருந்த என் அம்மாயியின் (அம்மாவின் அம்மா) எதிரில் ஒரு புதிய குறிப்பேட்டை விரித்து வைத்துக்கொண்டு, "இப்ப யாரும் பேசாத பழைய வார்த்தையெல்லாம் சொல்லுங்க அம்மாயி" என்று நான் கேட்டேன். அவர் கையை நிறுத்தி, முந்தியை இழுத்துச் செருகிக்கொண்டு, "எனக்கென்ன சாமி தெரியும், நா என்ன படிச்சவளா" என்றார். நான் விடாமல் வற்புறுத்தவே, என் மனம் நோகக் கூடாது என்பதற்காக, வானொலியில் செய்தி வாசிப்பவர்கள் பேசும் நடையில் இரண்டு வாக்கியங்களைத் தட்டுத்தடுமாறிச் சொல்லிக் காட்டினார். குறிப்பேட்டில் அன்று ஒரு சொல்கூட ஏறவில்லை.

மறுநாள் விடிவதற்கு முன்பு கட்டுத்தரையில் செவலை மாடு கன்று ஈன்றது. அம்மாயி அரிக்கேன் விளக்கோடு போய் நின்றவர் ஏறத்தாழ ஒரு மணி நேரம் பேசிக்கொண்டே இருந்தார். இது மாட்டுக்குத் தலையீத்து (முதல் ஈற்று) என்பதால் பயப்படுகிறது என்றார். இளங்கொடி (நஞ்சுக்கொடி) இன்னும் விழவில்லை, விழுந்ததும் நாய் இழுத்துப் போகாமல் எடுத்து ஓலையில் சுற்றி ஆலமரத்தில் கட்ட வேண்டும் என்றார். பிறந்தது கிடாரியா காளையா என்று பார்த்துச் சொன்னார். சீம்பாலில் முதலில் கன்றுக்கு எவ்வளவு, பிறகு வீட்டுக்கு எவ்வளவு என்று கணக்குச் சொன்னார். தும்பு கழுத்தை அறுக்கிறது, அவிழ்த்து மாற்று என்று என்னை ஏவினார். பொழுது கிளம்பும்போது என் குறிப்பேட்டில் 23 சொற்கள் இருந்தன. அவற்றில் பாதிக்கு மேல் என் தலைமுறையில் ஒருவரும் வாயால் சொல்லிக் கேட்டதில்லை.

கேள்விக்கு வராத சொல் வேலைக்கு வரும் என்பதை அந்த இரண்டு நாள்களில் நான் கற்றுக்கொண்டேன். இங்கே எழுதும் முறை முழுவதும் அதிலிருந்து பிறந்ததுதான். மொழியியல் படித்தவர்களுக்கு இதைவிட நுட்பமான முறைகள் உண்டு. இது தம் வீட்டுப் பெரியவர்களின் பேச்சைத் தாமே எழுதி வைக்க விரும்பும் பொதுவாசகருக்காக எழுதப்பட்டது.

எல்லையைச் சுருக்குங்கள்

"கொங்குத் தமிழைச் சேகரிக்கப் போகிறேன்", "நெல்லைத் தமிழைத் திரட்டப் போகிறேன்" என்று தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரு மாதத்தில் கைவிடுகிறார்கள். பரப்பு அவ்வளவு பெரிது. ஒரே ஊரையும் அதில் ஒரே தொழிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கமென்றால் மாடு. திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காடென்றால் பனை: வடலி, பாளை, காவோலை, கலயம், தளைநார் என்று மரத்தின் ஒவ்வொரு பருவத்துக்கும் உறுப்புக்கும் ஏறுகிறவரின் ஒவ்வொரு கருவிக்கும் சொல் உண்டு, ஏறுகிறவர்கள் குறையக் குறைய அவை மொத்தமாகப் போகின்றன. காவிரிப் படுகையென்றால் நெல். அங்கே 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி என்று நிலத்தைச் சொன்னவர்கள் இன்று ஏக்கரில் சொல்கிறார்கள்.

மாவட்டப் பெயரை வழக்கின் எல்லையாகக் கொள்ளாதீர்கள். ஈரோடு கோவையிலிருந்து பிரிந்தது 1979இல். திருப்பூர் மாவட்டம் உருவானது 2009இல். இந்தக் கோடுகள் வருவாய்த் துறையின் வசதிக்காகப் போடப்பட்டவை, பேச்சுக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. ஒரு ஊரின் பேச்சு எது வரை செல்லும் என்று அறிய வேண்டுமானால், அந்த ஊர்க்காரர்கள் எந்தச் சந்தைக்குப் போகிறார்கள், எந்தெந்த ஊர்களில் பெண் எடுக்கிறார்கள், பெண் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். பெண்களோடுதான் சொற்கள் ஊர் மாறுகின்றன. என் அம்மாயி தாராபுரத்துப் பக்கமிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர் என்பதால், அவர் பேச்சில் எங்கள் ஊரார் சொல்லாத சொற்கள் சில இருந்ததை நான் வெகுகாலம் கழித்தே கண்டுகொண்டேன். ஆகவே பேசுகிறவர் பிறந்த ஊர், வாழ்க்கைப்பட்ட ஊர் இரண்டையும் முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.

எப்படிக் கேட்பது

முதல் விதி, "இதற்கு உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள்" என்று பொதுச்சொல்லை நீங்களே முன்னால் வைக்காதிருப்பது. நீங்கள் "துடைப்பம்" என்று சொல்லிவிட்டால், எதிரில் இருப்பவரும் மரியாதைக்காகத் துடைப்பம் என்றே சொல்லத் தொடங்குவார். பொருளைக் கையில் எடுத்து நீட்டுங்கள். எங்கள் பக்கத்தில் சீமாறு என்பார்கள், மதுரைப் பக்கத்தில் விளக்குமாறு, திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் போனால் வாரியல், இலங்கையில் தும்புத்தடி. பொருள் கண்முன் இருக்கும்போது, அதோடு சேர்ந்து அதன் செயலும் வரும். பெருக்குகிறார்களா, கூட்டுகிறார்களா, தூர்க்கிறார்களா என்பது அந்தப் பொருளின் பெயரைவிட நுட்பமான வேறுபாடு.

இரண்டாவது, வேலை நடக்கும் இடத்துக்குப் போவது. வேலை நின்றுபோயிருந்தால் அது நடந்த இடத்துக்காவது போவது. கிணற்றில் மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்ததை வீட்டுக்குள் இருந்து கேட்டால், "அப்பெல்லாம் மாடு கட்டி இறைப்போம்" என்ற ஒற்றை வரி கிடைக்கும். எழுபது வயதைத் தாண்டிய என் பெரியப்பாவை, முள் மூடிக் கிடந்த பழைய கிணற்று மேட்டுக்கு அழைத்துப் போனேன். அங்கே நின்று, மாடு பின்வாங்கும் சரிவைக் காலால் தடவிப் பார்த்த பிறகு, தண்ணீர் மொள்ளும் சாலுக்கும் அதை இழுக்கும் வடத்துக்கும் வால்கயிற்றுக்கும் இடையிலுள்ள உறவை அவர் கைகளை வீசி வீசிச் சொன்னார். மாட்டை அதட்டும் ஒலிகள்கூட அவருக்கு அங்கேதான் திரும்பி வந்தன. மோட்டாரும் ஆழ்துளைக் கிணறும் வந்த பிறகு பிறந்த எங்களுக்கு அந்தச் சொற்கள் தேவைப்படாமல் போனதில் வியப்பில்லை. ஆனால் அந்த மேட்டில் அவர் பேசியதைக் கேட்ட பிறகு, அவை தேவையற்றவை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மூன்றாவது, ஒருவரைத் தனியாகக் கேட்பதைவிட ஒத்த வயதுடைய இருவரைச் சேர்த்து உட்கார வைத்துவிட்டு நீங்கள் ஒதுங்கிக்கொள்வது. இருவரும் ஒருவர் சொல்லை மற்றவர் மறுப்பார்கள், "அது அவங்க ஊர்ல, நம்ம பக்கம் அப்படியில்லே" என்பார்கள். அந்த மறுப்பில் ஒரு நாள் கேள்விக்குக் கிடைக்காத நுட்பம் கிடைக்கும்.

நீங்கள் பேசும் பேச்சும் முக்கியம். நகரத்துப் பேச்சில் கேட்டால் நகரத்துப் பேச்சில் பதில் வரும். உங்களுக்கு ஊர்ப்பேச்சு வருமானால் கூச்சப்படாமல் அதிலேயே பேசுங்கள். வராவிட்டால் குறைவாகப் பேசி நிறையக் கேளுங்கள். எந்த நிலையிலும் திருத்தாதீர்கள். ஐந்தாம் வகுப்பில் நான், உறவினர் வந்திருக்கிறார்கள் என்பதை "ஒறம்பரை வந்திருக்கறாங்க" என்று எழுதியதற்காக, வகுப்பு முழுவதும் சிரிக்கும்படி அதை உரக்கப் படித்துக் காட்டினார் ஓர் ஆசிரியர். அதற்குப் பின் பல ஆண்டுகள் அந்தச் சொல்லை நான் வெளியே சொன்னதில்லை. உங்கள் எதிரில் அமர்ந்திருக்கும் பெரியவருக்கும் அப்படி ஒரு நாள் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே கேளுங்கள்.

இன்னொன்று: பெயர்ச்சொற்களோடு நின்றுவிடாதீர்கள். பாத்திரத்தின் பெயர், கருவியின் பெயர், பலகாரத்தின் பெயர் என்று பட்டியல் போடுவது எளிது. எளிதில் கண்ணில் படாமல் மறைவது வினைகளும் இடைச்சொற்களும்தான். எங்கள் பக்கத்தில் குளிப்பதைத் "தண்ணி வாத்துக்கறது" என்பார்கள். "அவனைப் போல" என்பதை "அவனாட்ட" என்பார்கள். இவற்றைப் பேசுகிறவர்கள் இவற்றை ஒரு தனிச் சொல்லாகவே நினைப்பதில்லை, ஆகவே கேட்டால் சொல்ல மாட்டார்கள். யாழ்ப்பாணத் தமிழில் அதுவும் இல்லாத இதுவும் இல்லாத இடைப்பட்ட ஒன்றைச் சுட்ட "உது", "உவன்" என்பவை இன்றும் வழங்குகின்றன. தொல்காப்பியம் சொல்லும் அ, இ, உ என்ற மூன்று சுட்டுகளில் மூன்றாவதைத் தமிழ்நாட்டுப் பேச்சு இழந்துவிட்டது, அங்கே அது உயிரோடு இருக்கிறது. பொருள்களின் பெயர்களை மட்டும் திரட்டுகிறவருக்கு இத்தகைய செல்வம் கண்ணில் படவே படாது.

வாயால் சொல்லக் கூடாதவை

எந்த வட்டாரத்திலும் மிகவும் அழகான பழைய வழக்குகள், ஒன்றை நேராகச் சொல்லாமல் சுற்றிச் சொல்லும் இடங்களில்தான் இருக்கின்றன. நம் இலக்கணமும் இவற்றை ஒதுக்கவில்லை. இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று மூன்றாகப் பிரித்துத் தகுதி வழக்கு என்ற பெயரும் கொடுத்தது. சுடுகாட்டை நன்காடு என்பது மங்கலத்துக்கும், பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பது குழூஉக்குறிக்கும் காட்டப்படும் எடுத்துக்காட்டுகள். புத்தகத்தில் படித்த இந்த மூன்று தலைப்புகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் வீட்டுப் பேச்சைக் கவனித்தால், அள்ள அள்ளக் குறையாமல் கிடைக்கும்.

விளக்கை அணை என்று சொல்ல மாட்டார்கள், குளிர வை என்பார்கள். கருவுற்ற பெண்ணை முழுகாமல் இருக்கிறாள் என்பார்கள். இரவில் பாம்பைப் பெயர் சொல்லாமல் பூச்சி என்பார்கள். களத்தில் தானியத்தைப் படியால் அளக்கும்போது, முதல் படியை ஒன்று என்று எண்ணாமல் "லாபம்" என்று தொடங்கி, பிறகு இரண்டு, மூன்று என்று போவார்கள். இந்தக் கடைசி வழக்கு எடைத்தராசு வந்ததும் போய்விட்டது. அளப்பது நின்றபின், எண்ணும் முறையை எங்கே பயன்படுத்துவது?

சாவு வீட்டுக்குப் போய் ஆறுதல் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். சிவகங்கை, இராமநாதபுரம் பக்கத்தில் கேதம் கேட்கப் போகிறேன் என்பார்கள். திருநெல்வேலிப் பக்கத்தில் துட்டி கேட்கப் போவார்கள். எங்கள் பக்கத்தில் எழவுக்குப் போவார்கள். வேறு பல ஊர்களில் எழவு என்பது வசைச்சொல்லாக மட்டும் எஞ்சியிருக்கிறது. எங்கள் ஊரில் அதில் வசை துளியும் இல்லை, அது நடந்த துயரத்தின் பெயர். இதைத் தெரியாமல் வெளியூரிலிருந்து வந்தவர் முகம் சுளித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இத்தகைய சொற்களைக் கேட்டுப் பெற முயலவே கூடாது. சாவு வீட்டில் குறிப்பேட்டை எடுப்பது முறையன்று. போய் வந்து, வீட்டில் நினைவிலிருந்து எழுதுங்கள். பிறகொரு நல்ல நாளில், "அன்னைக்கு அங்கே அப்படிச் சொன்னீங்களே" என்று மெதுவாகக் கேளுங்கள். மாதவிலக்கு, பேறுகாலம் தொடர்பான சொற்களை ஆண்கள் கேட்டால் கிடைக்காது, கேட்பதும் சரியன்று. வீட்டுப் பெண்களில் ஒருவர் இந்தப் பணியில் சேர்ந்தால் மட்டுமே அந்தப் பகுதி நிரம்பும். என் குறிப்பேடுகளில் அந்தப் பக்கங்களை நிரப்பியவர் என் அக்கா.

குழூஉக்குறியில் இன்னும் கவனம் வேண்டும். மாட்டுச் சந்தைகளில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் வழக்கமும், தரகர்களுக்குள் மட்டும் புரியும் எண்ணுப் பெயர்களும் உண்டு. கண்ணபுரம் சந்தையில் ஒரு தரகர் எனக்குச் சிலவற்றைச் சொன்னார், ஆனால் எழுதக் கூடாது என்றார். எழுதவில்லை. அது அவர் பிழைப்பின் பூட்டு, திறந்து காட்டும் உரிமை அவருக்கு மட்டுமே உண்டு.

பதிவு செய்வதும் எழுதுவதும்

கைப்பேசி போதும். தனி ஒலிவாங்கி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் கெடுதலில்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைப்பேசியில் அழைப்பு வராதபடி விமானப் பயன்முறையில் போட்டு, பேசுகிறவரின் வாயிலிருந்து ஒரு முழத் தூரத்தில் துணி மடித்து அதன்மேல் வையுங்கள். செயலியில் இடமிருந்தால் ஒலியைச் சுருக்காத வேவ் வடிவில் பதியுங்கள். தொடக்கத்தில் நாள், ஊர், பேசுகிறவர் யார் என்பவற்றை உங்கள் குரலில் சொல்லி, "நீங்க பேசறதைப் பதிஞ்சு வச்சுக்கட்டுங்களா" என்று கேட்டு, அவர் சம்மதம் சொல்வதும் பதிவில் இருக்கட்டும். அன்றிரவே வேறு இரண்டு இடங்களில் படி எடுத்துவிடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பழுதான கைப்பேசியை ஒரு கடையில் கொடுத்தேன். திரும்ப வாங்கியபோது எல்லாம் அழிக்கப்பட்டிருந்தது. கவலை ஓட்டியதைப் பற்றிப் பெரியப்பா பேசிய முழுப் பதிவும் அதில் போயிற்று. அடுத்த ஆண்டு அவரும் போய்விட்டார். இன்று என்னிடம் இருப்பது நான் கையால் எழுதிய ஒன்றரைப் பக்கம் மட்டுமே.

ஆகவே ஒலிப்பதிவு இருக்கிறது என்ற தைரியத்தில் எழுதாமல் இருக்காதீர்கள். ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை அல்லது ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் குறிப்பேட்டிலிருந்து ஒன்றை அப்படியே தருகிறேன்:

ஒறம்பரை. (உறம்பரை என்றும் கேட்டது.) பொருள்: உறவினர், குறிப்பாக, வீட்டுக்கு விருந்தாக வந்திருக்கும் உறவினர். சொன்ன வாக்கியம்: "ஊட்டுக்கு ஒறம்பரை வந்திருக்கறாங்க, சித்தெ மோரு கலக்கிக் கொண்டா." சொன்னவர்: அம்மாயி, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம். இடம்: வாசல். குறிப்பு: ஒரே ஊரில் தினமும் பார்க்கும் பங்காளிகளை இப்படிச் சொல்லவில்லை.

இதில் எல்லாவற்றையும்விட மதிப்புள்ளது வாக்கியம். அடுத்தது, யாரிடம் சொன்னார் என்பது. பொருளை நீங்கள் தவறாக எழுதியிருந்தாலும், சொன்ன வாக்கியம் மாறாமல் இருந்தால் பின்னால் வருகிறவர் திருத்திக்கொள்வார். விளிகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அம்மாயி என்னைச் சாமி என்பார், மருமகனிடம் பேசும்போது ஒவ்வொரு வாக்கியமும் "ங்க" என்று முடியும், மாட்டிடம் பேசும்போது வேறொரு குரல் வரும். மூன்றும் ஒருவர் பேச்சுத்தான், மூன்றையும் எழுத வேண்டும்.

எழுத்துக்கூட்டலில் குழப்பம் வரும். கேட்டபடி எழுதுவதா, இலக்கணப்படி எழுதுவதா என்று திணற வேண்டாம். தலைப்பில் கேட்டபடி எழுதுங்கள், அதன் அருகில் எழுத்து வழக்கு எதுவாக இருக்கலாம் என்று அடைப்புக்குறிக்குள் எழுதுங்கள். வீடு ஊடாவதும், தெற்கே மழை மளையாவதும் அந்தந்த ஊரின் ஒலிமுறை. அவற்றைப் பிழையாக எண்ணித் திருத்திவிட்டால் ஆவணம் பாழாகும். குற்றியலுகரத்தின் குறுக்கத்தையும், சொல் இறுதியில் மூக்கோடு நிற்கும் உயிரையும் தமிழ் எழுத்தால் முழுதாகக் காட்ட இயலாது என்பதால், அந்த அட்டையில் ஒலிப்பதிவின் எண்ணையும் நிமிடத்தையும் குறித்து வையுங்கள். கணினியில் ஏற்றும்போது ஒருங்குறியில் (யூனிகோடில்) மட்டும் தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்த கோப்புகள் இன்று திறந்தால் குறிகளாகக் காட்சியளிப்பதைப் பலரும் அனுபவித்திருப்பார்கள்.

பழமொழிகளுக்குத் தனியாகச் சில பக்கங்கள் ஒதுக்குங்கள். வேலையிலிருந்து மறைந்த சொல் பழமொழிக்குள் ஒளிந்திருக்கும். "தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறான்" என்று சொல்கிற இளைஞர்களில் பலருக்குத் தும்பு என்பது மாட்டைக் கட்டும் கயிறு என்று தெரியாது. பூ என்று நினைத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். பழமொழியைச் சொல்லச் சொல்லி, அதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் என்ன என்று கேட்பது நல்ல வழி.

அகராதியோடு ஒத்துப் பார்த்தல்

நூறு அட்டைகள் சேர்ந்தபின் அகராதிகளைத் திறக்கலாம், அதற்கு முன்பு வேண்டாம். முன்னதாகவே திறந்தால், அகராதியில் உள்ள பொருளை உங்கள் காது தேடத் தொடங்கிவிடும். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி நாஞ்சில் நாட்டு வழக்கு, யாழ்ப்பாண வழக்கு என்று ஊர்க்குறிகளோடு பல சொற்களைத் தருகிறது. அதைச் சிகாகோ பல்கலைக்கழகம் இணையத்தில் தேடும் வசதியோடு வைத்திருக்கிறது. 1992இல் முதல் பதிப்பும் 2020இல் மூன்றாம் பதிப்பும் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியில் வட்டார வழக்கும் இலங்கை வழக்கும் தனியே குறிக்கப்பட்டுள்ளன. தனி வட்டாரங்களுக்கென்று எழுத்தாளர்களே உழைத்துச் செய்த அகராதிகள் உண்டு: கரிசல் காட்டுக்குக் கி. ராஜநாராயணன் 1982இலும், கொங்குக்குப் பெருமாள்முருகன் 2000இலும், நடுநாட்டுக்குக் கண்மணி குணசேகரன் 2007இலும் வெளியிட்டார்கள். உங்கள் சொல் அவற்றில் இருந்தால் மகிழுங்கள். இல்லாவிட்டால் இன்னும் கவனமாக இரண்டாவது, மூன்றாவது ஆளிடம் உறுதி செய்யுங்கள். ஒருவர் வாயில் மட்டும் கேட்ட சொல் அவருடைய வீட்டு வழக்காகவும் இருக்கலாம்.

கொச்சை என்று ஒதுக்கப்பட்ட சொல் மிகப் பழையதாக இருப்பதும் உண்டு. திருநெல்வேலிப் பக்கத்தில் "பைய வா" என்றால் மெதுவாக வா என்று பொருள். திருஞானசம்பந்தர் ஆலவாய்ப் பதிகத்தில் "பையவே சென்று பாண்டியற்கு ஆகவே" என்று பாடியதும் இதே சொல்தான். குட்டநாட்டார் தாயைத் தள்ளை என்பர் என்று தொல்காப்பிய உரையாசிரியர்கள் திசைச்சொல்லுக்கு எடுத்துக்காட்டுத் தந்தார்கள்; குமரி மாவட்டத்தில் அந்தச் சொல் இன்றும் காதில் விழுகிறது. ஆனால் இந்த மகிழ்ச்சியில் எல்லாச் சொல்லுக்கும் வேர் கண்டுபிடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். ஒலி ஒத்திருப்பதை மட்டும் வைத்துச் சொல்லும் வேர் பெரும்பாலும் தவறாகும், பின்னால் வருகிறவர் அதை உண்மை என்று நம்பிவிடுவார். தெரியாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள். அதேபோல, வேற்றுமொழியிலிருந்து வந்தது என்பதற்காக ஒரு சொல்லைத் தள்ளாதீர்கள். ஈழத்தில் அடுக்களையைக் குசினி என்பதும் நாற்காலியைக் கதிரை என்பதும் போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தவை, ஆனால் அந்த வீடுகளில் நூற்றாண்டுகளாகப் புழங்கிய பிறகு அவை அந்த வட்டாரத்தின் சொற்களே.

சாதியும் வசையும்

இதைத் தவிர்த்துவிட்டு நேர்மையாகச் சேகரிக்க முடியாது. ஒரே ஊரில் உறவுமுறைப் பெயர்கள் சாதிக்குச் சாதி மாறும். எங்கள் வீட்டில் அப்பாவின் அப்பாவை அப்பாரு என்றும், அம்மாவின் அப்பாவை அப்புச்சி என்றும் சொல்வோம். நான்கு தெரு தள்ளி அந்தப் பெயர்கள் இல்லை. ஒரு தெருவில் மட்டும் கேட்டுவிட்டு அதை ஊரின் வழக்கு என்று எழுதுவது பொய். எல்லாத் தெருக்களுக்கும் போங்கள். எந்தத் தெருவின் பேச்சு இதுவரை ஒருவராலும் எழுதப்படவில்லையோ, அங்கே முதலில் போங்கள். பிறரை இழிவுபடுத்தும் சொற்கள் காதில் விழும்போது, அவை வழங்கின என்பதை உங்கள் குறிப்பேட்டில் மறைக்காமல் எழுதுங்கள். வெளியிடும்போது, அந்தச் சொல் யாரைச் சுடுமோ அவர்களில் ஒருவரைக் கேட்காமல் வெளியிடாதீர்கள்.

திருப்பிக் கொண்டுபோய்க் காட்டுங்கள்

சேர்த்தவற்றைத் தமிழ் விக்சனரி என்ற இணைய அகராதியில் வாக்கியத்தோடும் ஊர்ப்பெயரோடும் ஏற்றலாம், யாரும் திருத்தவும் எடுத்துப் பயன்படுத்தவும் இடமுள்ள களம் அது என்பதைப் பேசியவர்களிடம் முன்பே விளக்கிச் சொல்லிவிட்டு. அதற்கு முன், அகர வரிசையில் அடுக்கி, பெரிய எழுத்தில் அச்சிட்டு, சொன்னவர்களிடமே கொண்டுபோய் உரக்கப் படித்துக் காட்டுங்கள். இதைவிடச் சிறந்த திருத்துநர் உங்களுக்குக் கிடைக்க மாட்டார்கள். திண்ணையில் "எனக்கென்ன தெரியும்" என்ற அதே அம்மாயி, தம் பேச்சு அச்சில் வந்திருப்பதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கொறங்காடு என்பதற்கு மேய்ச்சல் நிலம் என்று நான் எழுதியிருந்ததைக் கேட்டு, கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப்புல் முளைத்து, மாடு நிழலுக்கு ஒதுங்க நாலு வெள்வேல மரமும் நின்றால்தான் அது கொறங்காடு, சும்மா புல் முளைத்த இடமெல்லாம் கொறங்காடாகுமா என்று கேட்டார்.

அடுத்த சொல் இட்டேரி. "தோட்டங்களுக்கு இடையில் செல்லும் மண் பாதை" என்று படித்தேன். அம்மாயி கையை உயர்த்தி நிறுத்தினார்.

"ரெண்டு பக்கமும் வேலி இருந்தாத்தான் சாமி அது இட்டேரி. ஒரு பக்கத்து வேலியை எடுத்துப்போட்டா அப்பறம் அது வெறுந் தடம்."

எங்கள் ஊரில் இப்போது தார் போட்டிருக்கும் வழிக்கு ஒரு பக்கம் கம்பி, மறுபக்கம் ஒன்றுமில்லை. நான் எழுதியதை அடித்துவிட்டு, அவர் சொன்ன வாக்கியத்தை அப்படியே அந்த அட்டையில் எழுதி, நாளையும் குறித்தேன்.